நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் ஓடவில்லை என்பது குறித்து

இராயபுரம்,
நவம்பர் 21.

திரு. தௌசீஃப் அவர்களுக்கு, ஹென்றி எழுதிக்கொள்வது.

பொருள்: தாங்கள் என் பொறுப்பில் ஒப்படைத்த குட்டி விமான இன்ஜின் இன்று வரை ஓடவில்லை என்பது.

இங்கு நானும் என் சம்சாரம் ஆலிஸும் சுகம். அங்கே பெங்களூரில் தாங்களும் என் மகள் ஷைனியும் சுகமாக இருப்பீர்கள். சுகமா என்று கேட்கிற பழக்கம் இந்த நாலு வருஷத்தில் நமக்குள் வரவில்லை. அதனால்தான் கேள்விக்குறி போடாமல் முற்றுப்புள்ளி வைத்திருக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முப்பத்து நாலு வருஷம் துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் இன்ஜின் டிரைவராக இருந்தவன் நான். அந்தக் கப்பலை நாங்கள் டக் என்போம். அதில் தினமும் லாக் புத்தகம் எழுதித்தான் எனக்குப் பழக்கம். எத்தனை மணிக்கு ஓடியது, எத்தனை மணிக்கு நின்றது, ஏன் நின்றது, அவ்வளவுதான். ஆகவே நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஜூன் மாதம் ஷைனி தனியாக வந்திருந்தபோது தாங்கள் ஒரு காகிதம் கொடுத்தனுப்பியிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் ரிமோட்டில் குட்டி விமானம் பறக்கவிடுவதாகவும், அதற்குப் புது இன்ஜின் வாங்க வேண்டும் என்றும், டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா, அங்கிள் எதைச் சொல்கிறாரோ அதை வாங்குவேன் என்றும் அதில் இருந்தது. அந்தக் காகிதத்தை நாலு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். துவைக்கக் கேட்டும் சட்டையைக் கழற்றிக் கொடுக்கவில்லை. "அப்டி இன்னா எழுதிக்கீது அதுல, லவ் லெட்டரா?" என்று ஆலிஸ் கேட்டாள். ஐந்தாம் நாள் ஒரு போஸ்ட் கார்டில் 'நாலு ஸ்ட்ரோக்' என்று மட்டும் எழுதிப் போட்டேன். காரணம் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி வெடிக்கும். வால்வு கிடையாது, எடை குறைவு, தொந்தரவு குறைவு, ஆனால் ஓடுகிற நேரமெல்லாம் கத்திக்கொண்டே இருக்கும். நாலு ஸ்ட்ரோக் ரெண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். இழுப்பது, அமுக்குவது, வெடிப்பது, வெளியே விடுவது, ஒவ்வொன்றுக்கும் அதனதன் நேரம் வேண்டும் அதற்கு. எடை கூடத்தான். வால்வை அடிக்கடி கவனிக்கவும் வேண்டும். ஆனால் குறைவாகக் குடிக்கும், பெரிய புரொப்பல்லரை நிதானமாகச் சுற்றி இழுக்கும், சத்தம் அடித்தொண்டையிலிருந்து வரும். என் மகள் கோபக்காரி. அவளோடு குடித்தனம் பண்ணுகிறவர் கையில் அவசரப்படாத ஒரு இன்ஜினாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஆகஸ்டில் ஷைனி மறுபடி வந்தாள், கையில் ஒரு அட்டைப் பெட்டி. சொன்னபடியே வாங்கிவிட்டதாகவும், புது இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டிப் பழக்க வேண்டும் என்றும், அதை அங்கிள் கையாலேயே செய்து தர முடியுமா என்றும் தாங்கள் சீட்டு வைத்திருந்தீர்கள். பெட்டிக்குள் இன்ஜின், ரெண்டு புரொப்பல்லர், ரெண்டு கேன் எண்ணெய், பொடி எழுத்தில் ஒரு புத்தகம். அன்றைக்கு நல்ல மழை. தாங்கள் வழக்கம்போல அவளைத் தெருமுனையில் இறக்கிவிட்டு, எதிரே இருக்கிற டீக்கடையில் நின்றுகொண்டிருந்தீர்கள். நான் மாடியிலிருந்து பார்த்தேன். இதற்கு முந்தி ரெண்டு தடவையும் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், முதலில் இன்ஜின்.

இன்ஜினை முறுக்கி வைக்க ஒரு கெட்டியான மேஜை வேண்டுமே என்று தேடியதில், ஷைனி பத்தாவது படிக்கும்போது வாங்கிய மேஜை அகப்பட்டது. மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் நாலு துளை போட்டு முறுக்கினேன். அவள் காம்பஸ் முனையால் தன் பேரைச் செதுக்கி வைத்திருந்த இடத்தைத் தொடாமல்தான் போட்டேன் என்று அவளிடம் சொல்லவும். அடுத்ததாக இன்ஜினை ஆராய்ந்தேன். ஸ்பார்க் பிளக் இல்லை, அதற்குப் போகிற வயரும் இல்லை. தலையில் குட்டியாக ஒரு பிளக், பேட்டரி கொடுத்தால் உள்ளே கம்பி சிவக்கிறது. இது எனக்குத் தெரியாதா? குளிர்ந்து கிடக்கிற டீசல் இன்ஜினைச் சூடாக்க ஹீட்டர் பிளக்! ஸ்பார்க் கிடையாது, ஹீட்டர் இருக்கிறது, ஆகவே இது டீசல் இன்ஜின் என்று தீர்மானித்துவிட்டேன். தாங்கள் அனுப்பிய கேனைத் திறந்து மோந்தால் ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் கலந்த வாடை. சரி, இது ஏதோ துடைக்கிற சரக்கு என்று ஓரமாக வைத்துவிட்டு, கடையில் அரை லிட்டர் டீசல் வாங்கி ஊற்றினேன். மூணு நாள் புரொப்பல்லரைச் சுண்டினேன். இன்ஜின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை, என் ஆள்காட்டி விரல்தான் வீங்கிப் போனது.

விரலைப் பார்த்துவிட்டு ஆலிஸ், என்னோடு டக்கில் இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிற கிரீஸராக இருந்த அப்பாவு என்பவனுக்குப் போன் போட்டுவிட்டாள். விம்கோ நகரிலிருந்து பஸ் பிடித்து வந்தவன் மாடி ஏறியதும் மூக்கை உறிஞ்சினான். "இன்னா மாமு, டீசல் வாசனை வர்து? இந்தக் கொசு வண்டிக்கா ஊத்திகினு கீற?" என்றான். ஹீட்டர் பிளக் விஷயத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு ஓரத்தில் இருந்த கேனைத் தூக்கி அதன் மேல் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினான். விமானப் படம். "நீ டிரைவரு, நான் கிரீஸரு. ஒனக்கு வேல தெரியும், எனக்குப் படம் பாக்கத் தெரியும்" என்றான். முப்பத்து நாலு வருஷத்தில் அவன் என்னை இப்படிப் பேசியதில்லை, பேச நான் இடம் கொடுத்ததும் இல்லை. ரெண்டு பேரும் உட்கார்ந்து புத்தகத்தைப் படித்தோம். ஸ்பிரிட்தான் எரிகிறது, எண்ணெய்தான் வழுக்க வைக்கிறது, கம்பியைச் சிவக்க வைப்பது தொடக்கத்துக்கு மட்டும், அப்புறம் அது தன் சூட்டிலேயே சிவந்துகொள்ளும் என்று போட்டிருந்தது. இன்ஜினைக் கழற்றிக் கழுவவே ஒரு நாள் போய்விட்டது. அந்த டீசலுக்காகத் தாங்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

அடுத்தது வால்வு. வால்வுக்கும் அதை அமுக்குகிற கைக்கும் நடுவே இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஐந்து பங்குதான் என்கிறது புத்தகம். எங்கள் டக்கில் கல்யாணப் பத்திரிகையை நுழைத்துப் பார்க்கிற அளவு விடுவோம். இதென்ன, வெங்காயத் தோல்கூட நுழையாது போலிருக்கிறதே, அச்சுப் பிழையாகத்தான் இருக்கும், புள்ளியை ஒரு இடம் தள்ளிப் போட்டுவிட்டான் என்று நானே பென்சிலால் திருத்தி, என் அனுபவப்படி வைத்தேன். அனுபவம் என்றால் என்ன? சின்ன இன்ஜினையும் பெரிய இன்ஜின் மாதிரியே நினைத்துக்கொள்வதுதான் போலிருக்கிறது. புரொப்பல்லரைச் சுற்றிவிட்டுப் பார்த்தால் கீழ் வீட்டுப் பச்சையம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது. பச்சையம்மாதான் கழுவுகிறாள் என்று ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பெட்டியிலேயே இடைவெளி பார்க்கிற மெல்லிய தகடு ஒன்று இருந்ததை அப்பாவுதான் எடுத்துக் கொடுத்தான். பென்சில் திருத்தத்தை அழித்துவிட்டேன், ஆனால் அந்த இடம் கொஞ்சம் கறுத்துவிட்டது, பார்த்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இதற்குள் ஆலிஸுக்கு ஒரு யோசனை வந்தது. நம் பக்கத்தில் புதுப் படகோ புது வலையோ புது இன்ஜினோ, மாதா கோயில் சாமியார் வந்து மந்திரிக்காமல் யாரும் தொட மாட்டார்கள், அதனால்தான் இது முரண்டு பிடிக்கிறது என்றாள். பக்கத்து வீட்டுக்கு நோயாளியைப் பார்க்க வந்த சாமியாரைக் கையோடு மாடிக்குக் கூட்டி வந்துவிட்டாள். அவர் ஜெபம் சொல்லிவிட்டு, "எந்தப் படகுக்கு ஹென்றி இது?" என்று கேட்டார். படகுக்கு இல்லை சாமி, விமானத்துக்கு என்றேன். "யார் ஓட்டுறது?" என்றார். நான் இன்ஜினைத் துடைத்துக்கொண்டே நின்றேன். ஆலிஸ்தான், "எங்க மாப்ள சாமி. தௌசீஃப்னு பேரு. பெங்களூர்ல கீறாரு" என்றாள். சாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்த்துவிட்டு, "அப்படியானால் நல்லாவே மந்திரிப்போம்" என்று இன்னும் ரெண்டு கை தீர்த்தம் கூடுதலாகத் தெளித்தார். அந்த ரெண்டு கையும் நேராக இன்ஜின் வாய்க்குள்ளும், திறந்து வைத்திருந்த எண்ணெய்க் கேனுக்குள்ளும் போய் விழுந்தது. ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்தால் அது எரியுமா? எரியாது. சரி, கொட்டிவிடலாம் என்று கேனைத் தூக்கினால், "அய்யோ, தீர்த்தம் வுழுந்தத கால்வாய்ல கொட்டுவியா, பாவம்!" என்று ஆலிஸ் பிடுங்கிக்கொண்டாள். ஊற்றவும் முடியாது, கொட்டவும் முடியாது. ஆகவே தாங்கள் அனுப்பிய ரெண்டு கேனில் ஒன்று இப்போது எங்கள் வீட்டுப் பீடத்தில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்பதால் மெழுகுவத்தி கிடையாது, சின்ன பல்புதான். தினமும் செபமாலை சொல்லும்போது கண்ணைத் திறந்தால் தாங்கள் அனுப்பிய கேன்தான் எதிரே தெரிகிறது, நானும் பழகிக்கொண்டேன்.

ரெண்டாவது கேனை ஊற்றினோம். விரலால் சுண்டாதே, கட்டையால் சுண்டு என்று புத்தகம் சொன்னதால், ஆலிஸின் மர அகப்பையில் ரப்பர் குழாயைச் சுற்றி எடுத்துக்கொண்டேன். புரொப்பல்லருக்கு ரெண்டு நட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக இறுக்கவேண்டியது. ரெண்டாவதை அப்பாவு, "இது எக்ஸ்ட்ரா, பத்ரமா வெச்சிக்கலாம்" என்று என்னிடம் கேட்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறான். அகப்பையால் ஒரு தட்டு தட்டினேன். டப் என்று பின்பக்கமாக ஒரு உதை உதைத்தது பாருங்கள்! அகப்பை ரெண்டு துண்டு, புரொப்பல்லர் கழன்று கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பறந்துவிட்டது. உங்கள் புரொப்பல்லர் விமானம் இல்லாமலேயே பறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே பச்சையம்மா காய வைத்திருந்த நெத்திலியின் நடுவே போய் விழுந்திருக்கிறது. "யோவ் நைனா! ரிட்டயர்டு ஆனா ஊட்டுல சும்மா குந்திகினு டீவி பாக்க மாட்டியா? மாடில இன்னா பிளேன் உட்டுகினு கீறியா?" என்று அவள் கத்தினாள். ஆமாம், பிளேனுக்குத்தான் என்றேன். "யாருக்கு?" என்றாள். நம்ம ஷைனி வீட்டுக்காரருக்கு என்றேன். என் வாயால் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பச்சையம்மா புரொப்பல்லரைக் கழுவி, கிண்ணத்தில் கொஞ்சம் நெத்திலியோடு மேலே கொடுத்தனுப்பினாள்.

அதற்கப்புறம் எல்லாம் முறைப்படிதான் செய்தேன். ரெண்டு நட்டும் போட்டாயிற்று. எண்ணெய் கொஞ்சம் தாராளமாகப் போகிறபடி ஊசியைத் திறந்து வைத்தாயிற்று. ஆனாலும் இன்ஜின் ஓடவில்லை. ஏதோ வால்வுக் கோளாறு, என் அனுபவத்துக்கு எட்டவில்லை. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: என்னால் முடியவில்லை. இதற்கு எனக்குத் தெரிந்து ஒரே வழிதான் உண்டு. எங்கள் டக்கில் ஒரு வழக்கம். இன்ஜினைப் பிரித்து மாட்டிய பிறகு முதல் தடவை ஓட்டும்போது, கப்பலைக் கடலுக்குக் கொண்டுபோகிற சாரங்கு கீழே இன்ஜின் அறைக்கு வந்து, இன்ஜின் மேல் கை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். டிரைவர் கை ஒன்று, சாரங்கு கை ஒன்று. ஒருமுறை எனக்கும் எங்கள் சாரங்குக்கும் பெரிய சண்டை, ஆறு மாசம் பேச்சு கிடையாது. தப்பு என் மேல்தான், அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. இன்ஜின் மாட்டி முடித்த அன்றைக்கு நான் அப்பாவுவை அனுப்பினேன். மனுஷன் வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் கை வைத்தார். நானும் வைத்தேன். இன்ஜின் ஓடிற்று, அன்றைக்கு மத்தியானம் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

இப்போது டீக்கடைக்கு வருகிறேன். உங்கள் கல்யாணத்து அன்று நான் வரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தேன் என்பது யாருக்கும் தெரியாது, ஆலிஸுக்குக்கூடத் தெரியாது. ரெண்டு பஸ்ஸை விட்டேன், மூணாவது வருவதற்குள் திரும்பிவிட்டேன். எதற்காக என்று இன்று வரைக்கும் யோசிக்கிறேன். ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தேன். ஊர் ஒன்றும் சொல்லவில்லை, பச்சையம்மா நெத்திலி கொடுக்கிறாள். நான்தான் நாலு வருஷத்தை வீணாக்கிவிட்டேன். நீங்கள் மூணு தடவை அந்தக் கடையில் நின்றீர்கள். மூணாவது தடவை மழையில் நனைந்துகொண்டே நின்றீர்கள். நான் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு படி வரைக்கும் இறங்கி வந்தேன். அப்புறம் ஏறிப் போய்விட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது தம்பி. அந்தக் கடை டீ வேறு கலீஜ், பால் கிடையாது, வெறும் தண்ணி, அதைக் குடித்து யாரும் நல்லா இருந்ததாகச் சரித்திரம் இல்லை. இனிமேல் அங்கே நிற்காதே. கிறிஸ்துமஸுக்கு ஷைனியோடு வீட்டுக்கு வா. வந்து இன்ஜின் மேல் கை வை. நீ வராமல் அது ஓடாது. இது ஒரு மெக்கானிக் சொல்கிற காரணம், வேறு எதுவும் இல்லை.

நீங்கள் ரெண்டு பேரும் குறையில்லாமல், சூடேறாமல், சண்டை வந்தாலும் ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் வெடித்து, நீண்ட நாள் ஓட வேண்டும் என்று தினமும் அந்தக் கேன் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். தங்கள் அம்மாவுக்கு என் சலாம் சொல்லவும்.

இப்படிக்கு,
ஹென்றி,
இன்ஜின் டிரைவர் (ஓய்வு).

பின்குறிப்பு, ஆலிஸ் எழுதுறது:

மாப்பிள்ளைக்கு, தபால்ல போடச் சொல்லி என்கிட்ட கவரைக் குடுத்தாரு. இன்னும் ஒட்டல, அதனால படிச்சிட்டேன். இன்ஜின் ஓடலன்னு எழுதிக்கீறாரே, அது பொய். அது ஓட ஆரம்பிச்சு பதினோரு நாளாவுது. தெனமும் சாயங்காலம் நாலு மணிக்கு மாடில ஓட்டறாரு. அந்தச் சத்தம் கேட்டுத்தான் பச்சையம்மா டீக்கு அடுப்பு பத்த வெக்கிறா. ஓடி முடிஞ்சதும் உள்ள துரு பிடிக்காம இருக்க எண்ணெய் வுட்டு, கொழந்தைய தொடைக்கிற மாதிரி தொடைச்சு, துணில சுத்தி வெக்கிறாரு. "ஆலிஸ், கேட்டியா, இன்னா அழகா மூச்சு வுடுது" ன்னு என்னையும் மேல இழுத்துக்கினு போறாரு.

நேத்துதான் இந்த லெட்டரை எழுதி முடிச்சாரு. முடிச்சதும் ஸ்பேனரை எடுத்துக்கினு போய் வால்வு நட்டுல ஒண்ண அவரே லூஸ் பண்ணிட்டு வந்தாரு. புகை வெளிய போற பக்கத்து நட்டு. நான் படிக்கட்டுல நின்னு பாத்துகினுதான் இருந்தேன். நீங்க வந்ததும் ஒடனே கண்டுபிடிச்சிடாதீங்க மாப்பிள்ளை. ஒரு அரை மணி நேரமாவது தேடுங்க. அவரையும் கூட வெச்சிகினு தேடுங்க. இந்த ஸ்பேனர் குடுங்க, அந்த லைட்டைப் பிடிங்கன்னு வேல வாங்குங்க. கறி நம்ம பாய் கடையிலதான் வாங்கப் போறேன், அதனால மனசுல ஒண்ணும் வெச்சிக்காம சாப்பிடலாம்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்த கதை எனக்குத் தெரியாதுன்னு எழுதிக்கீறாரு. தெரியும். அன்னிக்கி நான் முந்தின ஸ்டாப்புல ஏறி ரெஜிஸ்டர் ஆபீசுக்குப் போன பஸ்ஸு, அவரு வுட்ட ரெண்டாவது பஸ்ஸு. ஜன்னல் வழியா பாத்தேன். இதை அவருகிட்ட நீங்க சொல்லிக்காதீங்க.

இன்னொண்ணு. லெட்டர் பூரா உங்கள மாப்பிள்ளைன்னு ஒரு எடத்துல கூட அவரு கூப்பிடல, பாத்திருப்பீங்க. வருத்தப்படாதீங்க. இன்ஜின் வெக்கிற அட்டைப் பெட்டி மேல வெள்ள பெயிண்டுல பெருசா எழுதி வெச்சிக்கீறாரு: 'மாப்பிள்ளை இன்ஜின். யாரும் தொடக் கூடாது.'